மின்தடைக் காலத்து மின்பெட்டி: வாங்குமுன் அறிய வேண்டுவன

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறிய கஜாப் புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்ததோடு நில்லாமல் மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பல சிற்றூர்களில் மீண்டும் விளக்கெரியப் பல நாட்கள் சென்றன. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை நகரத்தின் தாழ்ந்த பகுதிகளிலிருந்தோரும் இவ்விருளை அனுபவித்தனர். இத்தகைய பேரிடர்கள் ஒருபுறமிருக்க, பராமரிப்பு வேலைக்கென்று பகலில் நிறுத்தப்படும் மின்சாரமும், இடிமழைக்குப் பின் இரவில் நின்றுவிடும் மின்சாரமும் நமக்குப் புதியன அல்ல. ஆகவே, கையில் தூக்கிச் செல்லத்தக்க மின்சேமிப்புப் பெட்டிகள் கடைகளுக்கு வந்துள்ள இந்நாளில், அவற்றுள் எதனை வாங்கலாம் என்று அங்கத்தினர்கள் ஆராயத் தலைப்படுவது இயல்பே. விளம்பரங்கள் ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ என்று கூறும் இதனை இக்கட்டுரையில் மின்பெட்டி என்றே குறிப்போம்.

இப்பெட்டி மின்சாரத்தை உண்டாக்குவதன்று. நெற்குதிர் நெல்லை விளைவிப்பதில்லை. விளைந்ததைக் காத்துத் தருகிறது. அதுபோல மின்பெட்டியும், மின்சாரம் இருக்கும்போது சுவர்ப் பிளக்கிலிருந்தோ வெயில் உள்ளபோது சோலார் தகட்டிலிருந்தோ வாங்கி வைத்து, வேண்டும்போது திருப்பித் தருகிறது. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் ஆகிய மூன்றும் ஒரே கூட்டினுள் அடங்கியிருத்தலே இதன் சிறப்பு. மின்வினைஞர் வந்து கம்பி இழுக்க வேண்டுவதில்லை. பொத்தானை அழுத்திப் பிளக்கைச் செருகினால் போதும்.

இரண்டு எண்களும் ஒரு மாய எண்ணும்

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் நமக்கு முதற்கண் வேண்டியவை இரண்டே. ஒன்று வாட்-மணி, மற்றொன்று வாட். ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் போன்றது வாட்-மணி. மதகு எவ்வளவு அகலம் என்பதைப் போன்றது வாட். ஏரி நிறைந்திருந்தும் மதகு குறுகியதாயின் ஒரே நேரத்தில் பல வயல்களுக்குப் பாயாது. மதகு அகன்றும் ஏரி சிறிதாயின் ஒரு நாழிகையில் வற்றிவிடும்.

ஆயிரம் வாட்-மணி என்பது மின்கட்டண அட்டையில் நாம் காணும் ஒரு யூனிட்டுக்குச் சமம். இதை அறிந்தவுடன் பலருக்கு வியப்புண்டாகலாம். பத்துப் பதினைந்து கிலோ எடையும், பல்லாயிரம் ரூபாய் விலையும் உள்ள பெட்டியொன்றில் அடங்குவது ஒரு யூனிட் மின்சாரந்தான். எக்கோஃப்ளோ டெல்டா 2 என்னும் பெட்டியின் கொள்ளளவு 1024 வாட்-மணி. தரும் ஆற்றல் 1800 வாட். எடை 12 கிலோ. புளூட்டி ஏசி 180 என்பதற்கு 1152 வாட்-மணி, 1800 வாட், 16 கிலோ. ஜாக்கரி எக்ஸ்புளோரர் 1000 என்பதன் முதல் வடிவத்துக்கு 1002 வாட்-மணி, 1000 வாட், 10 கிலோ. இவற்றை வாங்குக என்பதற்காகவன்று, அளவு விளங்கும் பொருட்டே இங்குக் குறித்தோம். மூன்றிலும் ஏரி ஏறத்தாழ ஒன்றே. மூன்றாவதில் மதகு குறுகியது.

இனி மாய எண். மலிவான சிறு பெட்டிகளில் ‘80,000 மில்லி ஆம்பியர்-மணி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலோ வெறும் ‘150 ஆம்பியர்-மணி’ என்றிருக்கும். எண்பதாயிரம் எங்கே, நூற்றைம்பது எங்கே என்று மயங்குதல் கூடாது. முன்னது 3.7 வோல்ட் கணக்கில் கூறியது. பெருக்கிப் பார்த்தால் 296 வாட்-மணியே வரும். பின்னது 12 வோல்ட் பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி. நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பருத்தி நூலில் 40-ஆம் நம்பரைவிட 80-ஆம் நம்பர் மெல்லியது. பட்டு இழையிலோ டெனியர் எண் கூடக்கூட இழை பருக்கிறது. எந்த அளவையில் சொன்ன எண் என்று கேளாமல் எவரும் நூல் வாங்குவதில்லை. வாட்-மணி எவ்வளவு என்று கேட்டு, அதைச் சொல்லாத கடைக்காரரிடம் பெட்டியும் வாங்கலாகாது.

வீட்டுக் கணக்கு

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் அன்று, வீட்டில் ஒரு காகிதத்துண்டில் தொடங்குகிறது. மின்சாரம் நின்ற இரவில் எவையெவை ஓட வேண்டும், எத்தனை மணி ஓட வேண்டும் என்று எழுதுக. ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். சாதாரண கூரை விசிறி ஒன்று 75 வாட் கொள்ளும். இரண்டு விசிறி 8 மணி ஓடினால் 1200 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று 4 மணி எரிந்தால் 108. இணையப் பெட்டி 10 வாட் வீதம் 8 மணிக்கு 80. கைப்பேசி இரண்டுக்கு 30. ஆக மொத்தம் 1418.

இதே வீட்டில் விசிறிகள் இரண்டும் புதுவகையான பி.எல்.டி.சி. விசிறிகளாக இருப்பின், ஒன்றுக்கு 30 வாட் போதும். அப்போது விசிறிக்கு 480, மொத்தம் 698. பாதியளவாகிவிட்டது! ஆகவே மின்பெட்டி வாங்கக் கருதுவோர் முதலில் விசிறியை மாற்றுவதே சிக்கனம் என்பது எமது கருத்து. விசிறியின் பயன் மின்சாரம் உள்ள நாட்களிலும் கிடைக்கும். பெட்டியின் பயன் மின்சாரம் இல்லாத நாட்களில் மட்டுமே.

பெட்டியில் எழுதிய வாட்-மணி முழுவதும் நம் கைக்கு வருவதில்லை. பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகக் கழிகிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பொருந்தும். அதன்படி 698 வேண்டுமாயின் 820 வாட்-மணிக்குக் குறையாத பெட்டி தேவை. 1418 வேண்டுமாயின் ஏறத்தாழ 1700. இஃதன்றி, பிளக்குப் பகுதியைத் திறந்து வைத்திருக்கும்போதெல்லாம் பெட்டி தனக்கென்றே 10 முதல் 20 வாட் வரை உண்ணும். ஒரு சிறு விளக்குக்காக இரவு முழுவதும் அதனைத் திறந்து வைத்தால், விளக்கு உண்டதைவிடப் பெட்டி உண்டது மிகுதியாகலாம். கைப்பேசியையும் சிறு விளக்கையும் யு.எஸ்.பி. துளையிலேயே இணைத்துவிட்டுப் பிளக்குப் பகுதியை மூடி வைப்பது நல்லது.

குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பலருக்குக் கவலை உண்டு. கதவைத் திறவாமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை உள்ளே குளிர்ச்சி நிற்கும். எனவே அதனை இடைவிடாது ஓட்ட வேண்டுவதில்லை. விட்டுவிட்டு ஓட்டினால் போதும். ஆனால் அதன் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது கொள்வதைப் போலப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பெட்டியின் உச்ச வாட் அதனைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 300 வாட் பெட்டி பெரும்பாலும் தாங்காது.

இங்கே தறியையும் கிணற்றையும் பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேற்கொள்ளும். கிளம்பும்போது நான்கைந்து மடங்கு கேட்கும். மூன்று முனை மின்சாரத்தில் ஓடும் விசைத்தறிக்கும் வயற்கிணற்றுப் பம்புக்கும் இப்பெட்டிகளில் இணைப்பே இல்லை. ‘1800 வாட் பெட்டி, 2400 வாட் கருவியையும் ஓட்டும்’ என்று சில விளம்பரங்கள் கூறுவது, வோல்ட்டைத் தாழ்த்திக் கொடுக்கும் உபாயத்தால் ஆவது. வெந்நீர்க் கெண்டிக்கு அது ஒத்துவரும்; மோட்டாருக்கு ஒவ்வாது. கைத்தறிக்காரருக்கு வேண்டியது வேறு. குழித்தறியின் மேல் ஒரு நல்ல விளக்கு, காலருகே ஒரு சிறு விசிறி. இவ்விரண்டுக்கும் 300 வாட்-மணிக்கு உட்பட்ட சிறு பெட்டியே ஒரு மாலை வேலையை முடித்துத் தரும். மின்னணு ஜக்கார்டு பூட்டியிருப்போர் அதன் தகட்டில் பொறித்துள்ள வாட்டைப் பார்த்துக் கணக்கிடுக. பெட்டி சுத்த சைன் அலை தருவதா என்றும் கேட்டுக்கொள்க. சதுர அலை தரும் மலிவான பெட்டிகளில் மோட்டார் முனகும், சூடேறும்.

நோயாளி உள்ள இல்லம்

இதுவரை கூறியது சௌகரியத்தைப் பற்றியது. உயிரைப் பற்றிய கணக்கும் ஒன்று உண்டு. நுரையீரல் நோயினால் வீட்டிலேயே ஆக்ஸிஜன் செறிவூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் கிராமங்களிலும் இப்போது உள்ளன. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரம் சுமார் 350 வாட் கொள்ளும். 1024 வாட்-மணிப் பெட்டியிலிருந்து கைக்கு வருவது சுமார் 870. 350-ஆல் வகுத்தால் இரண்டரை மணி! இரவு எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டுமாயின் 3300 வாட்-மணி தேவைப்படும். ‘பெரிய பெட்டியாக வாங்கிவிட்டோம், இனி அச்சமில்லை’ என்று உறங்கச் செல்லும் வீட்டில், நள்ளிரவுக்கு முன்பே இயந்திரம் நின்றுவிடும் என்பதே இக்கணக்கின் பொருள். இத்தகைய இல்லங்களில் மின்பெட்டி என்பது ஆக்ஸிஜன் உருளையை இணைக்கவோ மருத்துவமனைக்குச் செல்லவோ வேண்டிய அவகாசத்தைத் தருவது மாத்திரமே. உருளைக்கு அது பதிலாகாது. உருளை ஒன்றை நிறைத்து வைத்திருப்பதும், அதனை இணைக்கும் முறையை வீட்டார் இருவராவது பழகியிருப்பதும் இன்றியமையாதன.

மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசருக்கு இத்தனை கவலை வேண்டாம். அது 150 வாட் கொண்டாலும் பத்து நிமிடத்துக்கு 25 வாட்-மணியே ஆகும்; சிறு பெட்டியும் பலமுறை தரும்.

ஈயமா, லித்தியமா?

நம் வீடுகளில் பல்லாண்டுகளாக உள்ளது ஈய அமில பேட்டரி. 150 ஆம்பியர்-மணி உள்ளதில் 1800 வாட்-மணி என்று கணக்கு வரினும், முழுவதையும் வடித்தால் பேட்டரி விரைவில் கெடும். பாதியளவோ சற்று மிகுதியாகவோ எடுப்பதே முறை. அவ்வப்போது வடிநீர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மீண்டும் நிறைய எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும்.

லித்தியப் பெட்டிகள் பல ஒன்றிரண்டு மணியில் நிறைந்துவிடும். புயலுக்குப் பிந்தைய நாட்களில் மின்சாரம் ஒரு மணி வருவதும் மறைவதுமாக இருக்கும்போது இதன் அருமை விளங்கும். ஆனால் அவ்விரைவில் நிறையும்போது பெட்டி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். பழைய மெல்லிய கம்பியும் தளர்ந்த பிளக்கும் உள்ள வீட்டில் சார்ஜ் வேகத்தைக் குறைத்து வைத்தல் வேண்டும்.

லித்தியத்திலும் இருவகை உண்டு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது ஒன்று. இரும்பு பாஸ்பேட் மற்றொன்று. முன்னது எடை குறைந்தது. பின்னது வெப்பத்தைத் தாங்குவதில் மேலானது, எளிதில் தீப்பற்றாதது. முன்னதில் சுமார் 500 முறையும், பின்னதில் 3000 முறையும் நிறைத்து வடித்தபின் கொள்ளளவு எண்பது சதவீதமாகக் குறையும் என்று உற்பத்தியாளர்கள் எழுதுகின்றனர். இந்த 3000 என்ற எண்ணைக் காட்டியே விற்பனையாளர் விலை பேசுவர். ஆண்டுக்கு இருபது முறை மின்சாரம் நிற்கும் வீட்டில் பதினைந்து ஆண்டுகளில் முந்நூறு முறைதான் ஆகிறது. அதற்குள் பேட்டரி தன் வயதினாலேயே தளர்ந்துவிடும். ஆதலின் வீட்டுக் காப்புக்கு மட்டும் வாங்குவோர்க்கு 3000 முறை என்பது பெரும் பயனுடையதன்று. எனினும் இரும்பு பாஸ்பேட்டையே யாமும் பரிந்துரைக்கிறோம், காரணம் வேறு. நமது கோடை வெயிலில், குழந்தைகள் உறங்கும் அறையில் வைக்கும் பொருளாதலின், தீயைப் பற்றிய அச்சம் குறைந்ததே ஏற்றது.

எது யாருக்கு?

சொந்த வீட்டில், ஒரே இடத்தில், விளக்கும் விசிறியும் மட்டும் ஓட வேண்டுவோர்க்குச் சுவரோடு பொருத்தும் இன்வெர்ட்டரும் பேட்டரியுமே இன்னும் மலிவு. விலை வேறுபாட்டை எந்தக் கடையிலும் கேட்டறியலாம். பழுதானால் பார்க்க ஊரிலேயே ஆள் உண்டு. பழைய பேட்டரிக்கு ஈயத்தின் பொருட்டு ஒரு விலையும் உண்டு. வாடகை வீட்டில் குடியிருப்போர், தறிக்கூடம் ஓரிடமும் வீடு ஓரிடமுமாக உள்ளோர், தோப்பில் இரவு தங்குவோர், வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போக வேண்டியோர் ஆகியோருக்கே மின்பெட்டி தன் விலைக்குத் தகுந்த பயனைத் தரும். தூக்கிச் செல்லும் தேவை இல்லாதார் தூக்கிச் செல்லும் வசதிக்குப் பணம் கொடுப்பானேன்? மேலும் 20 கிலோவைக் கடந்த பெட்டியை முதியோர் படியேற்ற இயலாது. ‘கையடக்கம்’ என்ற சொல்லை நம்பாமல் கடையிலேயே தூக்கிப் பார்ப்பது நலம்.

சோலார் தகடு சேர்த்து வாங்குவோர் ஒன்றை அறிக. 200 வாட் தகடு தெளிந்த வெயில் நாளில் ஏறத்தாழ 700 வாட்-மணி தரும். ஓராயிரம் வாட்-மணிப் பெட்டி நிறைய ஒன்றரை நாள் ஆகும். புயலை ஒட்டிய மேக மூட்டத்தில் அதன் சிறு பங்கே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைச் சுவர்ப் பிளக்கில் முன்னதாகவே நிறைத்து வைத்திருப்பதுதான் காரியத்துக்கு உதவும்.

அமெரிக்காவிலுள்ள மகனோ மருமகனோ வாங்கி அனுப்புவதாகக் கூறினால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். அந்நாட்டுப் பெட்டி 120 வோல்ட் தருவது. நம் கருவிகள் 230 வோல்ட் வேண்டுவன. அன்றியும் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்திய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் பெட்டியிலோ கையிலோ கொண்டுவர அனுமதி இல்லை.

செய்யத் தகாதது ஒன்று

இருமுனையிலும் ஊசியுள்ள கம்பியைச் செய்து, மின்பெட்டியை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகி, வீடு முழுவதையும் எரிய வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இஃது உயிர்க்கொலைக்கு ஒப்பானது. மெயின் சுவிட்சு மூடப்படாதிருந்தால் அம்மின்சாரம் வீட்டைக் கடந்து வீதிக் கம்பிக்குச் செல்லும். மின்மாற்றியில் பின்னோக்கி ஏறிப் பல்லாயிரம் வோல்ட்டாகவும் ஆகும். கம்பத்தின் மேல் நமக்காகவே வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் அதனைத் தொடுவார். வீட்டுக் கம்பிகளோடு இணைக்கத்தான் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற மின்வினைஞரைக் கொண்டு மாற்று சுவிட்சு பொருத்துக. இல்லையேல் தனிக் கம்பியில் விளக்கையும் விசிறியையும் நேரே பெட்டியில் இணைத்துக்கொள்க.

பெட்டியை வைக்கும் இடம் தகரக் கூரையின் கீழாகவோ, பஞ்சுத் தூசி படியும் தறிக்கூட மூலையாகவோ இருத்தலாகாது. காற்றுத்துளையில் தூசி அடைத்தால் உள்ளே வெப்பம் தங்கிவிடும். வெள்ளம் புகும் வீட்டில் தரையிலும் வைக்கலாகாது. உபயோகமற்ற மாதங்களில் பாதிக்குச் சற்று மேலாக நிறைத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றி வர வேண்டும்.

சங்கத்தின் வழியே

ஆண்டில் சில நாட்களே வேலை செய்யும் பொருளை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்குவது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நிர்வாகக் குழுக்கள் யோசிக்கலாம். உழவுக் கருவிகளை வாடகைக்குத் தரும் சங்கங்கள், ஓராயிரம் வாட்-மணிப் பெட்டிகள் இரண்டு மூன்றையும் அவ்வாறே வைத்திருக்கக் கூடும். நோயாளி உள்ள இல்லங்களின் பெயரை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதி, புயல் எச்சரிக்கை வந்தவுடன் அவ்வில்லங்களுக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானம் செய்துகொள்ளலாம். தனியே வாங்க விரும்புவோர் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கத்தின் பெயரால் விலை கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது விலையை மட்டுமன்றிப் பழுதுபார்க்கும் நிலையம் எந்த ஊரில் உள்ளது, உத்தரவாதக் காலத்தில் பெட்டியை அங்குக் கொண்டு சேர்க்கும் செலவு யாருடையது என்பவற்றையும் எழுத்தில் பெறுக. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன் தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் கடமை. லித்திய பேட்டரியைப் பழைய இரும்புக்காரர் உடைத்தால் தீப்பிடிக்கும். ஆகவே எங்குத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அக்கடிதத்திலேயே கேட்டுக்கொள்க.

பெட்டி வந்து சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே ஒரு மாலை அதனை முழுதும் நிறைத்து, மின்சாரம் நின்றதாகவே கருதி, காகிதத்தில் எழுதிய விளக்கையும் விசிறியையும் அதில் ஓட்டிப் பார்க்க. தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்து, கணக்கிட்ட மணிக்கும் ஓடிய மணிக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், ரசீதுடன் அந்த வாரத்துக்குள்ளேயே கடைக்குக் கொண்டுசெல்க.